மேக்கணக்கு வெயில்

மின்சாரம் நின்றுபோன அன்று முட்டைகளுக்கு ஒன்பதாவது நாள். இருபத்தொரு நாளில் குஞ்சு வெளியே வர வேண்டும். மெசினுக்குள் அறுபது முட்டைகள் இருந்தன. அவற்றில் என் கோழிகள் இட்டவை எட்டுத்தான். மிச்சம் எல்லாம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளிலிருந்து என்னை நம்பிக் கொடுத்தவை. எது யாருடையது என்று பிறகு பேச்சு வரக் கூடாதென்று ஒவ்வொரு ஓட்டிலும் பென்சிலால் வீட்டு இலக்கத்தை எழுதி வைத்திருந்தேன்.

நான் குவைத்தில் ஏழு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவள். வந்தவள் சும்மா இருக்கக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். ஆட்டோ ஒன்று எடுக்கலாம் என்றார் என் கணவர். அவருக்குத் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. நான் குஞ்சு பொரிக்கிற மெசின் எடுக்கப் போகிறேன் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கோழி அதுபாட்டுக்கு அடைகாக்குது. நீ எதுக்குப் புள்ள நடுவுல?"

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் எங்கள் குளிருக்கு அடைகோழி பாதியில் எழுந்து போய்விடும். பத்து முட்டை வைத்தால் மூன்று தேறுவதே பெரிய காரியம். மெசின் எழுந்து போகாதே என்று சொன்னேன். கரண்ட் எழுந்து போகுமே என்றார் அவர்.

அதுவும் சரிதான். கந்தப்பளைக்கும் ராகலைக்கும் நடுவே மலையின் மடிப்பு ஒன்றுக்குள் இருக்கிறது எங்கள் லயம். காற்று அடித்தால் கரண்ட் போகும், மழை பெய்தால் போகும், சில நாள் ஒரு காரணமும் இல்லாமல் போகும். அதனால்தான் மெசினோடு இரண்டு சோலார் பேனலும் ஒரு பெரிய பேட்டரியும் சேர்த்து எடுத்தேன். கரண்ட் இருந்தால் அதிலும், இல்லாவிட்டால் பேட்டரியிலும் ஓடுகிற மெசின் அது.

ராகலையில் மின்சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், தானே வந்து கூரைத் தகரத்தில் ஏறிப் பேனல்களைப் பூட்டித் தந்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. குவைத் வெயிலைப் பார்த்தவள் நான். அங்கே மொட்டை மாடியில் துணியை விரித்துவிட்டுத் திரும்புவதற்குள் அப்பளமாகக் காய்ந்திருக்கும். இங்கே பள்ளிக்கூடச் சட்டை மூன்று நாள் அடுப்புக்கு மேலே தொங்குகிறது.

"இந்தக் குளிருல இது வேலை செய்யுமா நானா?"

"குளிருதான் தங்கச்சி இதுக்கு நல்லம்" என்றார் அவர் கூரையிலிருந்தபடியே. "இது சூட்டுல ஓடுற சாமான் இல்ல, வெளிச்சத்துல ஓடுறது. தகடு சூடாகச் சூடாக கரண்ட் கொறையும். ஒங்கட எதிரி ரெண்டே பேரு. ஒண்ணு பனி, மத்தது அந்தா நிக்கிறாரே, அவரு."

அவர் காட்டியது லயத்துக்குப் பின்னால் தேயிலைக்கு நிழலாக நட்ட சவுக்கு மரத்தை. அதன் கிளை நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தால்கூடப் போதும், முழுப் பேனலும் படுத்துவிடும் என்றார். மரம் தோட்டத்துக்குச் சொந்தம், வெட்ட முடியாது. நல்ல வெயில் நாளிலும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் அந்த நிழல் கூரைமேல் ஏறும்.

பேட்டரிக்குப் பக்கத்துச் சுவரில் கைக்குள் அடங்கும் பெட்டி ஒன்றைப் பூட்டியிருந்தார். பேனலிலிருந்து அந்த நிமிடம் எவ்வளவு கரண்ட் வருகிறது என்று அதில் ஓர் எண் தெரியும். அந்த எண்ணைப் பார்ப்பது எனக்கு வியாதி மாதிரி ஆகிவிட்டது. அரிசி கழுவிக்கொண்டே போய்ப் பார்ப்பேன். பல் துலக்கிக்கொண்டே போய்ப் பார்ப்பேன். மேகமில்லாத தை மாதக் காலையில், புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்போது, எண் பதினைந்து பதினாறுக்குப் போகும். பங்குனி உச்சி வெயிலில் தகரம் கொதிக்கையில் அதுவே பதின்மூன்றுக்கு இறங்கும். நானா சொன்னது பொய்யில்லை. மலையை மூடும் பனியிலும் வெள்ளைப் பனி வேறு, கறுத்த பனி வேறு என்பதையும் அந்த எண்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. வெள்ளைப் பனியில் கண் கூசும், நாலைந்தாவது வரும். கறுத்த பனியில் ஒன்றுக்கும் வழியில்லை. எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழித்தது மேகம் விலகுகிற கணம். வெயில் சட்டென்று திறக்கும்போது, சுற்றியுள்ள வெள்ளை மேகங்களின் ஒளியும் சேர்ந்து அடித்து, எண் பதினெட்டுக்குத் தாவும். கணவரைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் மூன்றாகியிருக்கும்.

இப்படிப் பத்துப் பதினொரு மாதம் போனது. இரண்டு தடவை குஞ்சு எடுத்துவிட்டேன். மூன்றாவது தடவைதான் இந்த அறுபது முட்டை.

அது கார்த்திகை மாதம். மூன்று நாள் விடாமல் மழை. ஒன்பதாம் நாள் பிற்பகல் எங்களுக்குக் கீழே ரோட்டோரத்து மேடு சரிந்து, கரண்ட் கம்பம் இரண்டைக் கூடவே இழுத்துக்கொண்டு போனது. நல்லவேளை, வீடு ஒன்றும் போகவில்லை. என் கணவர் இறங்கிப் போய், அங்கே நின்ற கரண்ட்காரர்களிடம் சிங்களத்தில் விசாரித்துவிட்டு வந்தார்.

"என்னா சொல்றாங்க?"

"ஹெட்ட அனித்தா வெயிங்கிறாங்க."

நாளை, நாளை மறுநாள் ஆகிவிடுமாம். அந்தச் சொல்லை இந்த மலையில் பிறந்த யாரும் நாள் கணக்காக எடுத்துக்கொள்வதில்லை.

மறுநாள் மழை நின்றது. ஆனால் பனி இறங்கி உட்கார்ந்துகொண்டது. காற்றில்லை. எதிர் லயம் தெரியவில்லை, அங்கே இருமுகிறவரின் இருமல் மட்டும் கேட்டது. பெட்டியில் எண் ஒன்று. பத்து மணிக்கு ஒன்றரை. பன்னிரண்டு மணிக்கு ஒன்று. வீட்டு பல்பைக் கழற்றினேன். என் போனுக்குச் சார்ஜ் போடுவதையும் நிறுத்தினேன். ஒரு துணியை எடுத்துக்கொண்டு கூரைக்கு ஏறி, பேனலில் படிந்த ஈரத்தைத் துடைத்தேன். துடைத்து முடிப்பதற்குள் மறுபடி படிந்தது. இறங்கி வந்து பார்த்தால் அதே ஒன்று.

அன்று மதியம்தான் சுவரடுத்த பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பெண் போனோடும் சார்ஜர் வயரோடும் வந்து வாசலில் நின்றாள். கொழுந்து பறிக்கிறவள், என்னைவிடப் பத்து வயது இளையவள். அவளுடைய கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தினமும் வேலை முடிந்ததும் அவளுக்குப் போன் எடுப்பார்.

"அக்கா, ஒரு பத்து நிமிசம் மட்டும் குத்திக்கிறேனே. மண்ணு சரிஞ்சத கேள்விப்பட்டா அவரு பயந்துருவாரு."

பேட்டரி அன்று பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. ஒரு போன் அதில் எவ்வளவு குடித்துவிடும்? ஒன்றுமேயில்லை. அது எனக்கு அப்போதும் தெரியும். ஆனால் இவளுக்குக் கொடுத்தால் பின்னாலேயே லயமே வயரோடு வரும் என்று என் மனம் ஓடியது.

"இன்னிக்கு வேணாம் தங்கச்சி. முட்டை கெட்டுரும். ஒன் முட்டையும் உள்ளதான் இருக்கு."

அவள் வாக்குவாதம் செய்யவில்லை. வயரைச் சுற்றிக்கொண்டு, "சரிக்கா" என்று போய்விட்டாள். நான் மறுபடி பெட்டிக்குப் போனேன். ஒன்று.

பதினோராம் நாளும் அப்படியே விடிந்தது. பிற்பகலில் பேட்டரி வற்றப் போகிறதென்று மெசின் கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. நான் அடுப்புக்கும் மெசினுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். என் கணவர், "கொஞ்சம் ஒக்காரு புள்ள, நீ நடந்தா பனி போயிருமா?" என்றார். உட்கார்ந்தேன். ஒரு நிமிடம்கூட இருக்க முடியவில்லை.

அப்போதுதான் பக்கத்துக் காம்பராப் பெண் மலையிலிருந்து இறங்கி வந்தாள். முந்தின நாள் நான் முகத்தில் அடித்தது போலச் சொன்னதை வைத்து முகம் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. மெசின் கத்துவதைக் கேட்டு நின்றாள்.

"அக்கா, மேக்கணக்குல காலையிலேர்ந்து வெயிலு. மண்டைய பொளக்குது. இங்கதான் பனி. மேலேர்ந்து பார்த்தா நம்ம லயம் இருக்கிற எடமே தெரியல, பால ஊத்தி வச்ச மாதிரி கெடக்கு."

மேக்கணக்கு என்றால் தோட்டத்தின் மேல் பிரிவு. தேயிலைக்கு நடுவில் படிப்படியாக ஏறினால் முக்கால் மணி நேரம். உச்சியில் பிள்ளைகள் விளையாடும் மைதானம் ஒன்று இருக்கிறது. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் பேட்டரியைப் பார்த்தார்.

"முப்பது கிலோ இருக்கும்" என்றார்.

"பேனல நான் தூக்குறேன்."

"தூக்குவ. அதுவரைக்கும் முட்டைக்கு யாரு சூடு குடுக்கிறது?"

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். சோடாப் போத்தல்களில் சுடுநீரை நிரப்பி மெசினுக்குள் ஓரமாக அடுக்குவது. மெசினை என் குவைத் போர்வையால் சுற்றுவது. புலிப்படம் போட்ட தடித்த போர்வை, இந்தக் குளிருக்கே செய்தது போல. அரை மணிக்கு ஒருமுறை போத்தலை மாற்ற வேண்டும். வெப்பமானியில் முப்பத்தேழரையிலிருந்து எண் விலகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் காலை போத்தல்களைப் புதிதாக மாற்றி வைத்துவிட்டு, பேட்டரியைச் சாக்கில் கட்டி, ஒரு கம்பில் கோத்து, நானும் அவருமாகத் தோளில் வைத்து ஏறினோம். பாதி வழியில் பனி மெலிந்தது. இன்னும் இருபது படி ஏறியதும் தலை வெளியே வந்தது. நீல வானம். சுத்தமான, குளிர்ந்த, கண்ணைக் குத்தும் வெயில். எனக்கு அழுகை வந்துவிட்டது. பேட்டரியை வைத்துவிட்டு அவர் பேனல்களுக்கும் சுவரிலிருந்த எண் பெட்டிக்குமாக மறுபடி இறங்க, நானும் முட்டைகளுக்காக ஓடி இறங்கினேன்.

அன்று முழுக்க அவர் மேலே, நான் கீழே. அங்கே எண் எவ்வளவு என்று தெரியாமல் நான் பட்ட பாடு இருக்கிறதே! பனிக்குள் நின்று மேலே பார்ப்பேன். கொஞ்சம் கறுத்தால் அங்கேயும் கறுத்துவிட்டதோ என்று இருக்கும். போத்தல் மாற்ற வேண்டிய நேரத்துக்கு முன்பே மாற்றுவேன். பிற்பகல் மூன்று மணிக்கு அவரும் ஃபெக்டரிக்கார நண்பர் ஒருவருமாகப் பேட்டரியையும் பேனல்களையும் கொண்டுவந்து இறக்கினார்கள். பூட்டிப் பார்த்தோம். முக்கால் பேட்டரி இருந்தது.

"பதினேழு வந்துச்சு ஒரு நேரம்" என்றார் அவர், தானே உண்டாக்கியது போல.

அன்று பொழுது சாய்கிற வேளையில் பக்கத்துக் காம்பராப் பெண்ணின் கணவர் வந்து சேர்ந்தார். சரிவு வரைக்கும் பஸ்ஸில் வந்து, மிச்சத்தை நடந்திருக்கிறார். முழங்கால் வரை சேறு. இரண்டு நாளாகப் போன் எடுத்து எடுத்துப் பார்த்து, கிடைக்காமல், கடையில் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சத்தம் போடுவது எங்களுக்குக் கேட்டது.

"உசுரோட இருக்கியா இல்லியான்னு தெரியாம நான் என்னா பாடு பட்டேன் தெரியுமா?"

"போன் செத்துப்போச்சுங்க. கரண்ட் இல்லைல்ல" என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். என் பெயரை இழுக்கவில்லை. நான் இந்தப் பக்கம் மெசினிலிருந்து எடுத்த போத்தல் ஒன்றைக் கையில் பிடித்தபடி நின்றேன். தண்ணீர் ஆறிப்போனதுகூட எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் என் கணவருக்கு ஃபெக்டரியில் வேலை. ஜெனரேட்டரில் மெசின்களை ஓட்டப் போவதாகக் கட்டாயம் வரச் சொல்லிவிட்டார்கள். நான் என்ன செய்வதென்று கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போது, கொழும்பிலிருந்து வந்த அந்தத் தம்பி பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"பேட்டரி தூக்கணுமாமேக்கா? நான் சும்மாதான் இருக்கேன்."

அவர் மனைவி அன்று வேலைக்குப் போகாமல் போத்தல் மாற்ற நின்றாள். நானும் அந்தத் தம்பியும் ஏறினோம். நல்ல பலசாலி. பேட்டரியைத் தனியாகவே முதுகில் சுமந்தார். நான் பின்னால் பேனல் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். மற்றதற்கு அவரே திரும்பப் போய் வந்தார்.

அன்றைய வானம் முந்தின நாள் போல இல்லை. காற்று கிளம்பியிருந்தது. மேகங்கள் வலப்பனைப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக வந்து சூரியனைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. பேனல்களைக் கல் வைத்துச் சாய்த்து நிறுத்தினோம். எண் பதினெட்டு, நான்கு, பதினாறு, மூன்று என்று குதித்தது. எனக்குப் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அவர் மைதானத்துப் புல்லில் உட்கார்ந்து பீடி ஒன்றைப் பற்றவைத்தார்.

"நீங்க ஒக்காருங்கக்கா. நீங்க பார்த்தாலும் பார்க்காட்டியும் அது ஏறும்."

உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் மனதில் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"தம்பி, ஒங்க வீட்டுக்காரி போனைக் கொண்டாந்தா. நான்தான் வேணாம்னுட்டேன்."

அவர் பீடிச் சாம்பலைத் தட்டினார்.

"பத்து நிமிசந்தான் கேட்டா. இந்தப் பேட்டரிதான். குடுத்திருக்கலாம். குடுத்திருந்தா நீங்க இப்புடி அலைஞ்சு வந்திருக்க மாட்டீங்க."

மேகம் ஒன்று சூரியனை முழுதாக மூடியது. குளிர் எலும்புக்குள் இறங்கியது. பெட்டியில் எண் இரண்டு. அவர் புகையை ஊதிவிட்டுப் பேசினார்.

"நான் வார வழியெல்லாம் சரிஞ்சது நம்ம லயம்னுதான் நெனச்சேன். பஸ்ஸுல பக்கத்துல இருந்த ஆளு ஏன் அழுவுறீங்கன்னு கேட்டாரு."

அவர் பேட்டரியைப் பார்த்தார்.

"இது காலையில தெரிஞ்சிருந்தா இதத் தூக்கியிருக்க மாட்டேன்" என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் மேகத்தின் விளிம்பு வெள்ளியாக எரிந்தது. வெயில் திறந்தது. அவர் பீடியைத் தரையில் அழுத்தி அணைத்துவிட்டு எழுந்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். பேனலுக்குப் போய், அதன் கீழிருந்த கல்லை நகர்த்தி, சூரியனுக்கு நேராகத் திருப்பி வைத்தார். பிறகு மற்றதையும் திருப்பினார். பெட்டியைப் பார்த்து, "பதினெட்டு" என்றார். அதற்குமேல் அன்று எங்களுக்குள் பேச்சு இல்லை. பேட்டரியை மட்டும் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்த்தார்.

கீழே வந்தால் அவர் மனைவி புலிப் போர்வையை விலக்கி மெசினைத் திறந்து வைத்துவிட்டு விசிறிக்கொண்டிருந்தாள். சுடுநீர் அதிகமாகி வெப்பம் நாற்பதுக்குப் போய்விட்டதாம். "செத்துப் போச்சோக்கா?" என்று அழாத குறையாகக் கேட்டாள். போனின் வெளிச்சத்தில் முட்டை ஒன்றைத் தூக்கிப் பார்க்கலாமென்றால் இரண்டு பேர் போனிலும் உயிரில்லை. நான் அவளுடைய போனை வாங்கிப் பேட்டரியில் குத்தினேன். உயிர் வந்ததும் அதன் டார்ச்சில் பார்த்தோம். சிவந்த நரம்புகளுக்கு நடுவே ஒரு நிழல் அசைந்தது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பதினான்காம் நாள் மறுபடி மழை. மேலேயும் வெயில் இல்லை. பேட்டரியில் இருந்ததை வைத்துச் சமாளித்தோம். மாலை நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. லயத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓ என்று கத்தினார்கள். எனக்குக் கத்தத் தோன்றவில்லை. மெசினின் விளக்கு அணையாமல் எரிகிறதா என்று பார்த்தபடியே நின்றேன். அந்தத் தம்பி மறுநாள் காலையில் கொழும்புக்குக் கிளம்பினார். வாசலைக் கடக்கும்போது, "போயிட்டு வாரேன்க்கா" என்றார். அது போதுமாக இருந்தது.

இருபத்தோராம் நாள் ஒன்றும் வரவில்லை. சூடு குறைந்தால் நாள் தள்ளும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாசலில் வந்து எட்டிப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. "என்னா, வந்துருச்சா?" என்று கொழுந்துக் கூடையோடு போகிறவர்களெல்லாம் கேட்டார்கள். இருபத்திரண்டும் போனது. இருபத்துமூன்றாம் நாள் காலை, தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது, உள்ளிருந்து மெலிதாக ஒரு சத்தம் வந்தது. நான் நகரவே இல்லை. என் கணவர்தான் போய்ப் பார்த்துவிட்டு, "புள்ள, வா" என்றார்.

பொழுது போவதற்குள் இருபத்தேழு குஞ்சுகள் வந்தன. முப்பத்துமூன்று வரவில்லை. போன இரண்டு தடவையோடு பார்த்தால் இது குறைவு. பக்கத்துக் காம்பராக்காரி கொடுத்த ஆறில் ஒன்றுதான் தேறியது. என் எட்டில் ஐந்து. அவளுக்கு என்னுடையதில் இரண்டைக் கொடுக்கப் போனேன். வாங்க மாட்டேன் என்று நின்றாள். பிறகு, "ஒண்ணு தனியா இருந்தா கத்திக்கிட்டே கெடக்கும்" என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் தோட்டத்து மேனேஜர் தொரையிடம் போய்க் கேட்டு, மேக்கணக்கில் இருக்கும் பிள்ளைக்காம்பராவின் கூரையில் பேனல்களைப் பூட்ட அனுமதி வாங்கினேன். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. மெசினும் இப்போது அங்கேதான். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் முட்டைகளையும் ஒரு கண் பார்த்துக்கொள்கிறாள். அங்கே சவுக்கு மரம் இல்லை, பனியும் குறைவு. நான் தினமும் ஏற வேண்டிய அவசியம் இல்லை என்று அவளே பலமுறை சொல்லிவிட்டாள்.

ஆனாலும் ஏறுகிறேன். இன்று காலையும் ஏறினேன். பாதி வழியில் தூறல் பிடித்தது. திரும்பிவிடலாம் என்று நின்றேன். நின்ற இடத்தில் பனி கொஞ்சம் வெளுத்தது போலிருந்தது. வேகமாக மேலே நடந்தேன்.